நாடியா, பிரஷர் மெஷினா, கைக்கடிகாரமா: இதயத் துடிப்பு தாளம் தப்புவதை எது காட்டிக்கொடுக்கும்?

தேக்கா சந்தைக்குப் போய்வந்தாலே அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "வயசாச்சுல்ல" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். வீட்டுப் பிரஷர் மெஷினில் அளந்து முடித்த பிறகும் ஓர் இதயக் குறி நின்றதை, பாட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

அந்தக் குறிதான் முதல் தடயம். துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி சீராக இல்லாவிட்டால் பல மெஷின்கள் அதைக் காட்டும். கையை அசைத்தாலும் பேசினாலும்கூடக் காட்டிவிடும். எனவே, ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி அளக்க வேண்டும்.

விரல் அதைவிட நிறையச் சொல்லும், காசும் செலவில்லை. மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு. ஆனால் எண்ணிக்கையைவிடத் தாளத்தைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்து, சற்று நின்று, பிறகு சீரானால் அது பெரும்பாலும் பலருக்கும் வருகிற கூடுதல் துடிப்பு. அம்மாவின் கையில் அப்படி இல்லை. இரண்டு வேகமாக, ஒன்று தாமதமாக, அடுத்தது எப்போது வரும் என்றே தெரியாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிற தாளக் கோளாறின் போக்கு இப்படித்தான் இருக்கும். இதயத்தின் மேலறைகள் வெறுமனே நடுங்குவதால் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய்விடலாம். பக்கவாத ஆபத்து சுமார் 5 மடங்காகிறது.

கைக்கடிகாரம் வாங்கித் தருகிறேன் என்றான் தம்பி. நாம் மறந்திருக்கும்போதும் தூங்கும்போதும் அது கவனிக்கும். சிலவற்றில் விரலை வைத்தால் 30 விநாடி இசிஜி எடுக்கலாம், டாக்டரிடம் காட்டலாம். வந்து வந்து போகிற படபடப்புக்கு நல்ல துணைதான். ஆனாலும் முதல் வேலைக்கு விரலே போதும் என்பேன். மாரடைப்பைக் கைக்கடிகாரம் கண்டுபிடிக்காது என்பதையும் மறக்கக் கூடாது. நெஞ்சுவலி, மயக்கம், முகம் கோணுதல், பேச்சுக் குழறல் என்று எது வந்தாலும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காமல், சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கான 995ஐ அழையுங்கள்.

சரி, முடிவாகச் சொல்வது எது? இசிஜிதான். ஆனால் கிளினிக்கில் அம்மாவுக்கு எடுத்தது இயல்பாகவே இருந்தது. 12 கோணங்களில் பார்த்தாலும் அதில் பதிவாவது சுமார் 10 விநாடிதான். அந்த நேரத்தில் தாளம் தப்பாவிட்டால் பிடிபடாது. அப்புறம் 24 மணி நேரமும் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை உடம்பில் மாட்டிவிட்டார்கள். அதிகாலை 3 மணிக்குத் தாளம் தப்பியிருந்தது. அம்மா அப்போது அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.