வாசலில் மூஸ், கையில் லைசென்ஸ் இல்லை: அலாஸ்கா "வேட்டைக் குடியேற்ற" பேக்கேஜ் வாங்கப் போகிறவர்களுக்கு

"ஐந்து ஏக்கர் நிலம், சாலை வசதி, வாசலிலேயே மூஸ், குடும்பத்தோடு வந்து இறங்கிய நாளே வேட்டை." அலாஸ்காவின் உள்பகுதி நிலங்களை இப்படித்தான் விற்கிறார்கள் (மூஸ் என்பது அங்கே உள்ள பெரிய மான் வகை). விற்கிற ஆள் மாறுவார், வாசகம் மாறாது. வாங்கி ஏமாந்தவர்களின் ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்தால் பச்சைப் பொய் அதிகம் இருக்காது. ஒவ்வொரு வரியிலும் பாதி உண்மை இருக்கும். மீதியை வாங்குகிறவரே ஆசையில் நிரப்பிக்கொள்கிறார். பிறகு யார் மீது வழக்குப் போடுவது?

பெரிய ஓட்டை "இறங்கிய நாளே" என்ற இரண்டு சொல்லில் இருக்கிறது. அலாஸ்காவில் உள்ளூர்வாசி என்ற கணக்கில் வேட்டை லைசென்ஸ் எடுக்க, தொடர்ந்து 12 மாதம் அங்கே நிரந்தரமாகக் குடியிருந்திருக்க வேண்டும். நிலப்பத்திரமோ மின்கட்டண ரசீதோ அந்த 12 மாதத்தைக் குறைக்காது. அந்தக் காலத்தில் வேறு மாநிலத்தில் உள்ளூர்வாசிச் சலுகை எதையும் அனுபவிக்கவும் கூடாது. பழைய ஊரில் சலுகை விலைக்கு ஒரு வேட்டை லைசென்ஸ் எடுத்தாலே சிக்கல்தான்.

அதுவரை வெளியூர்க்காரர் விலை. உள்ளூர்வாசிக்கு லைசென்ஸ் 45 டாலர், வெளியூர்க்காரருக்கு 160. மூஸுக்கான டேக் (ஒரு விலங்கைச் சுடுவதற்கான அனுமதிச்சீட்டு) தனியாக 800, கரிபு என்ற கலைமானுக்கு 650. உள்ளூர்வாசியின் பிள்ளைகளுக்கு 18 வயதுவரை லைசென்ஸே வேண்டாம். வெளியூர்க்காரர் என்றால் எந்த வயதுப் பிள்ளைக்கும் வேண்டும். நான்கு பேர் குடும்பத்தில் நால்வரும் துப்பாக்கி தூக்குவதானால் லைசென்ஸுக்கே 640 டாலர், தலைக்கொரு மூஸ் டேக் 3,200. இந்தக் கணக்கு விளம்பரத்தில் வராது.

நாட்காட்டியையும் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் மூஸ் வேட்டை செப்டம்பரில்தான். ஜூனில் குடியேறினால் ஒரு பருவம் மட்டும் போகும். செப்டம்பர் கடைசியில் போய் இறங்கினால் அந்த வருடமும் போச்சு, அடுத்த வருடப் பருவமும் 12 மாதம் முடிவதற்குள் கழிந்துவிடும். விற்பவருக்கு இது தெரியும். "இலையுதிர் காலச் சலுகை" என்று செப்டம்பரில் கையெழுத்து வாங்குவதன் சூட்சுமம் இதுதான்.

"குடியேறிய தேதியைக் கொஞ்சம் முன்னால் போடுங்கள், யாரும் பார்ப்பதில்லை" என்றும் சொல்வார்கள். பார்க்கிறார்கள். வனவிலங்குக் காவலர்கள் விண்ணப்பத் தேதிகளை மற்ற ஆவணங்களோடு ஒப்பிடுகிறார்கள். மாட்டினால் கிரிமினல் வழக்கு, இறைச்சியும் கொம்பும் பறிமுதல். லைசென்ஸ் முடக்கப்பட்டால், மாநிலங்களுக்கிடையிலான உடன்படிக்கை காரணமாக மற்ற மாநிலங்களிலும் முடங்கலாம். யோசனை சொன்னவர் பெயர் வழக்கில் இருக்காது.

அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள். குடியுரிமை உள்ள வெளியூர்க்காரருக்குப் பழுப்புக் கரடி, டால் செம்மறி, மலையாடு மூன்றுக்குத்தான் லைசென்ஸ் உள்ள கைடோ (வேட்டை வழிகாட்டி) நெருங்கிய உள்ளூர் உறவினரோ கட்டாயம். குடியுரிமை இல்லாத வெளியூர்க்காரருக்கு எல்லாப் பெரிய விலங்குக்கும் கைடு கட்டாயம், உறவினர் கணக்கு செல்லாது. 12 மாதம் குடியிருந்த கிரீன் கார்டுக்காரர் உள்ளூர்வாசி ஆகிவிடலாம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவருக்கு இன்னொரு முள்: செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற விதிவிலக்கு இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். லைசென்ஸ் காலாவதியான மறுநாள் அலமாரியில் இருக்கும் ரைஃபிளே வினையாகிவிடும்.

அடுத்த தூண்டில் "கிராமப்புறவாசி என்றால் கூட்டாட்சி நிலத்தில் தனிச் சலுகை." அலாஸ்காவின் கூட்டாட்சி நிலங்கள் பற்றி 1980-இல் வந்த அனில்கா சட்டப்படி அப்படி ஒரு முன்னுரிமை உண்மையில் உண்டு. ஆனால் அது கூட்டாட்சிப் பொது நிலத்தில் மட்டும். நீங்கள் குடியிருக்கும் ஊருக்கு, அந்த யூனிட்டில் (வேட்டைக்காகப் பிரித்த பகுதி), அந்த விலங்குக்குப் பாரம்பரியப் பயன்பாட்டு அங்கீகாரமும் இருக்க வேண்டும். உள்ளூர்வாசி லைசென்ஸும் வேண்டும் என்பதால் 12 மாதம் இங்கும் விடாது. ஃபேர்பேங்க்ஸ் நார்த் ஸ்டார் பரோ எல்லைக்குள் நிலம் இருந்தால், எவ்வளவு அடர்ந்த காட்டுக்குள் இருந்தாலும் அது கிராமப்புறக் கணக்கில் வராது.

இப்போது நிலம். முதலில், "இலவச அரசு நிலம்" வாங்கித் தருகிறேன் என்று யாராவது கட்டணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடியுங்கள். அரசு நிலத்தில் குடியேறிப் பண்படுத்துகிறவருக்கே அதைக் கொடுத்த ஹோம்ஸ்டெட் முறை 1976-இல் ஒழிந்தது, அலாஸ்காவில் மட்டும் 1986 வரை நீண்டது, அதோடு சரி.

ஐந்து ஏக்கரில் யாரும் மூஸ் வேட்டை ஆட முடியாது. சுற்றியுள்ள நிலம் யாருடையது என்பதுதான் விஷயம். பூர்வகுடிகளின் நில உரிமையைத் தீர்க்க 1971-இல் வந்த அன்க்ஸா சட்டத்தில் ஏறக்குறைய 4.4 கோடி ஏக்கர் பூர்வகுடி நிறுவனங்களுக்குப் போனது. அவையெல்லாம் தனியார் நிலம், அனுமதி இல்லாமல் நுழைந்தால் அத்துமீறல். விற்பவர் வரைபடத்தில் கோடு போட்டு "இதோ பொதுப்பாதை" என்பார். அது 17(பி) வகைப் பாதையாக இருந்தால் பொது நிலத்துக்குக் கடந்துபோக மட்டும் உரிமை. பாதையில் நின்று சுடவோ, விலகி அலையவோ கூடாது. தேசியப் பூங்கா, தேசிய பிரிசர்வ் என்ற இரண்டையும் ஒரே பச்சை நிறத்தில் காட்டுவது இன்னொரு வித்தை. பிரிசர்வில் லைசென்ஸ் உள்ள வெளியூர்க்காரரும் வேட்டையாடலாம். பூங்காவில் அப்படி இல்லை: வாழ்வாதார வேட்டைக்குத் திறந்த பூங்காக்களிலும் தகுதி பெற்ற உள்ளூர்க் கிராமப்புறவாசிகளுக்கு மட்டும்தான் இடம். டால்டன் நெடுஞ்சாலை ஓரம் என்றால், வழித்தடத்தில் இருபுறமும் ஐந்து மைலுக்குத் துப்பாக்கி வேட்டை இல்லை, வில் அம்பு மட்டும்.

சாலை வசதி என்பது பல விற்பனைகளில் காகிதத்தில் மட்டும் இருக்கும், நில அளவைக் கோட்டோரம் சாலைக்கென விட்ட செக்‌ஷன் லைன் உரிமை. கோடு சதுப்பின் நடுவே போகும், சாலையை யாரும் போட்டிருக்க மாட்டார்கள். படங்களை மார்ச் மாதம் எடுத்திருப்பார்கள். பனி மூடினால் சதுப்பும் மைதானம் போலத்தான் தெரியும், ஸ்னோமெஷின் வழுக்கிக்கொண்டு போகும். ஜூலையில் அதே இடத்தில் ஏடிவி அச்சுவரை இறங்கும். மண்குதிரை என்று தெரிவது ஆற்றில் இறங்கிய பிறகுதான். ஜூலை, ஆகஸ்டில் எடுத்த வீடியோவைக் கேளுங்கள், தரையைக் காட்டச் சொல்லுங்கள். குட்டையான கருப்பு ஸ்ப்ரூஸ், தடித்த பாசி, திசைக்கொன்றாகச் சாய்ந்து நிற்கும் மரங்கள் தெரிந்தால் அடியில் உறைமண் (வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும் மண்) இருக்க வாய்ப்பு அதிகம். அதன்மேல் நேராக அடித்தளம் போட்டுச் சூடாக்கினால் வீட்டுச் சூடே பனியை உருக்கும். கதவு இறுகும், தரை ஒரு மூலையில் அமுங்கும். உயரம் மாற்றக்கூடிய தூண்களில் வீட்டைத் தூக்கி, அடியில் காற்று ஓட விட வேண்டும். அப்படிக் கட்டாத கேபினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். கிணறு "தோண்டிக்கொள்ளலாம்" என்று எழுதியிருந்தால் கிணறு இல்லை என்று படியுங்கள்.

பத்திரத்தில் பார்க்க வேண்டியது: குவிட்கிளைம் பத்திரம் என்றால் உரிமைக்கு விற்பவர் எந்த உத்தரவாதமும் தரவில்லை. தவணை ஒப்பந்தமானால் கடைசித் தவணைவரை பட்டா அவர் பெயரிலேயே இருக்கலாம். டைட்டில் இன்சூரன்ஸில் எதெதற்குப் பொறுப்பில்லை என்ற பட்டியலில் பாதை உரிமை இருக்கிறதா என்று தேடுங்கள். மாநிலப் பதிவாளர் அலுவலகத்தின் ஆவணங்களை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடலாம்.

பேக்கேஜோடு "கைடும் சேர்த்து" என்பார்கள். அலாஸ்காவில் வேட்டைக்கு ஒப்பந்தம் போடும் உரிமை பதிவுபெற்ற கைடுக்குத்தான், உதவிக் கைடுக்குக் கிடையாது. டிரான்ஸ்போர்ட்டர் லைசென்ஸ் உள்ளவர் கொண்டுபோய் விடலாம், வேட்டையை நடத்தித் தர முடியாது. விமானத்தில் கொண்டுபோனால், பெரும்பாலான பெரிய விலங்குகளுக்கு மறுநாள் அதிகாலை 3 மணிவரை சுடக் கூடாது. ஒரு பெரிய ஆண் மூஸில் சுமார் 500 பவுண்டு இறைச்சி தேறும். எலும்போடு இன்னும் கூடும், சில யூனிட்டுகளில் எலும்போடுதான் வெளியே கொண்டுவர வேண்டும். ஒரு ஆள் ஒரு நடைக்கு 60, 70 பவுண்டு சுமப்பார். எத்தனை நடை என்று கணக்குப் போட்டுவிட்டு, விளம்பரத்தின் "இரண்டே மைல்" என்ற சொல்லைத் திரும்பப் படியுங்கள். இறைச்சியைக் காட்டில் விட்டுவந்தால் குறைந்தது 7 நாள் சிறை, 2,500 டாலர் அபராதம்.

சாமான் ஏற்றும் நிறுவனத்தை விற்பவரே காட்டினால் அது புரோக்கரா, லாரி வைத்திருப்பவரா என்று கேளுங்கள். அடிப்படைப் பொறுப்பு ஒரு பவுண்டுக்கு 60 சென்ட்தான்: 150 பவுண்டு ஃப்ரீசர் நொறுங்கினால் 90 டாலர். கனடா வழியாக ஓட்டிப் போனால் சாதாரண வேட்டை ரைஃபிளுக்கு அறிவிப்புப் படிவமும் 25 கனடிய டாலரும் வேண்டும். படிவத்தில் முன்கூட்டியே கையெழுத்திடாமல் அதிகாரி முன்னால் இடுங்கள். கைத்துப்பாக்கியை வண்டியில் வைக்கவே வேண்டாம்.

"பள்ளி பக்கத்தில்" என்றால் மாணவர் எண்ணிக்கையைக் கேளுங்கள். 10 பேருக்குக் கீழே போனால் மாநில நிதி நின்று பள்ளி மூடப்படலாம். "பிஎஃப்டி பணமே தவணையைக் கட்டிவிடும்" என்பதும் கதை. பிஎஃப்டி என்பது குடியிருப்போருக்கு மாநிலம் வருடாவருடம் தரும் பங்குத்தொகை. ஒரு முழு நாட்காட்டி ஆண்டு குடியிருந்த பிறகே விண்ணப்பிக்க முடியும். தொகையும் நிலையில்லை: 2022-இல் 3,284 டாலர், 2023-இல் 1,312.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள்: விளம்பரப் பக்கத்தைத் தேதியோடு சேமியுங்கள், அழைப்பில் சொன்னதை எழுத்தில் உறுதிப்படுத்தச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். கார்டில் கட்டியிருந்தால் காலக்கெடு முடிவதற்குள் வங்கியில் ஆட்சேபம் தெரிவியுங்கள். பொய் விளம்பரத்துக்கு அலாஸ்கா அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவு, கைடு விஷயத்துக்குப் பெருவிலங்கு வேட்டைச் சேவை வாரியம், சாமான் லாரிக்கு எஃப்எம்சிஎஸ்ஏ என்ற கூட்டாட்சி லாரிப் போக்குவரத்து அமைப்பு. மூன்றும் வேறு வேறு புகார், ஒன்றில் போட்டால் மற்றதுக்குப் போகாது.