முழங்கை சொல்லும் அளவு: நீளம் மாற்றக்கூடிய பனிச்சறுக்குக் கம்பு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். பத்தரை அங்குலம் கேட்டவருக்குப் பத்து அங்குலம் போனால் கொலுசு மறுநாளே திரும்பி வந்துவிடும். அளவோடுதான் என் பிழைப்பு. ஆனால் போன வருடம் பிப்ரவரியில் குடும்பத்தோடு காஷ்மீரின் குல்மார்க் போனபோது, பனிச்சறுக்குக் கம்புக்கும் அளவு உண்டு என்பது எனக்குத் தெரியாது. வாடகைக் கடையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

என் உயரம் 168 செ.மீ. கொடுத்தது 125 செ.மீ. கம்பு. ஊன்றும்போதெல்லாம் கையை மேலே தூக்க வேண்டியிருந்தது. கை மேலே போனால் உடம்பு தானாகப் பின்னால் சாய்கிறது. பின்னால் சாய்ந்தால் காலில் மாட்டியிருக்கும் சறுக்குப் பலகையின் முன்பக்கம் பிடிமானம் இழந்துவிடும், திருப்பவே முடியாது. சாயங்காலத்துக்குள் இரண்டு தோளும் விட்டுப்போயின.

மறுநாள் காலை பயிற்சியாளர் என் கம்பை வாங்கித் தலைகீழாகத் திருப்பினார். கைப்பிடி தரையில். நுனிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பிளாஸ்டிக் வட்டத் தட்டு இருக்குமே, அதை ஒட்டி அடியில் பிடிக்கச் சொன்னார். அப்படிப் பிடித்தால் முழங்கை செங்கோணமாக மடங்கி, முன்கை தரைக்கு இணையாக நிற்க வேண்டும். எனக்கோ மணிக்கட்டு நான்கு விரற்கடை மேலே நின்றது. தட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நுனி பனிக்குள் புதைந்துவிடும் என்பதால் அதை அளவில் சேர்ப்பதில்லை. இந்தச் சோதனையைச் சறுக்குக் காலணியைப் போட்டுக்கொண்டு செய்வதுதான் சரி, அந்தக் காலணி ஆளைச் சில செ.மீ. உயர்த்திவிடும். கடைக்குப் போகாமல் கணக்குப் போடுவதானால் உயரத்தை 0.7 ஆல் பெருக்கலாம். எனக்கு 117.6 வந்தது. வாடகைக் கம்புகள் 5 செ.மீ. இடைவெளியில்தான் வரும், இரண்டுக்கும் நடுவில் விழுந்தால் சரிவில் இறங்குவதற்குக் குட்டையானதை எடுப்பது நல்லது. 115 கைக்கு வந்ததும் உடம்பு முன்னால் வந்தது. அன்று மத்தியானம் முதல்முறையாக ஒழுங்காகத் திரும்பினேன். ரொம்பக் குட்டையாகவும் கூடாது, இடுப்பு வளைந்து குனிந்தபடியே போக வேண்டியிருக்கும்.

ஊருக்கு வந்ததும் இணையத்தில் நீளம் மாற்றக்கூடிய அலுமினியக் கம்பு இரண்டு ஜோடி வாங்கினேன், எனக்கொன்று, மகளுக்கொன்று. 95 முதல் 135 செ.மீ. வரை நீளும். ஜோடி 2,900 ரூபாய்.

பெட்டியைப் பிரித்ததும் பட்டறை ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். 115 என்று அச்சடித்த இடத்தில் உண்மையில் 116. ஒரு செ.மீ. பெரிய பிழை இல்லை, ஆனாலும் அச்சை நம்பாமல் அளந்து பாருங்கள். எங்கள் அளவில் கூர் ஊசியால் சின்னக் கோடு கீறிவிட்டேன். கையுறை போட்ட கையால் அந்த இடத்தைப் பார்த்து நிறுத்தி, நீளத்தை நகராமல் பிடித்து வைக்கும் பூட்டை மடக்கினால் போதும்.

பூட்டைச் சோதிக்க ஏற்காடு போனோம். கிளியூர் அருவிக்கு இறங்கும் பாதையில் முழு பாரத்தையும் கொடுத்து ஊன்றியதில் என் வலது கம்பு இரண்டு செ.மீ. உள்ளே இறங்கிவிட்டது. பூட்டின் பக்கவாட்டில் இருக்கும் திருகை அரைச் சுற்று இறுக்கினேன். அப்புறம் அசையவில்லை. பனிக்குக் கிளம்புமுன் இதை வீட்டிலேயே செய்துவிடுங்கள், அங்கே குளிரில் ஸ்குரூ டிரைவர் தேடுவது கஷ்டம். ஒன்று கவனிக்க வேண்டும்: நடந்து இறங்கும்போது கம்பை வழக்கத்தைவிட 5 முதல் 10 செ.மீ. நீட்டிக்கொள்வார்கள், கீழ்ப்படி எட்ட வேண்டுமே. அந்த அளவிலேயே பனிச்சறுக்குக்குப் போய்விடாதீர்கள். அங்கே கம்பு பாரம் தாங்குவதற்கு இல்லை, திரும்பும் நேரத்தைக் காட்ட லேசாகத் தொட்டு எடுப்பதற்கு.

குறை என்று சொன்னால் கைப்பிடிதான். பெரியவர் கைக்குச் செய்த தடிமன். பன்னிரண்டு வயது மகளுக்குக் கையுறையோடு விரல்கள் முழுசாகச் சுற்றவில்லை. "அப்பா, நழுவுது" என்று இரண்டு முறை சொன்னாள். கைப்பிடியில் தொங்கும் வாரைச் சரியாக மாட்டக் கற்றுக்கொடுத்த பிறகு கொஞ்சம் சமாளித்தாள். கையை வாருக்குள் கீழிருந்து மேலாக நுழைத்து, வாரையும் சேர்த்துக் கைப்பிடியைப் பற்ற வேண்டும்.

நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை போகும் பெரியவர்கள் இதை வாங்க வேண்டாம். வாடகைக் கம்பே போதும், தலைகீழாகத் திருப்பி முழங்கையைப் பார்த்து எடுங்கள். நீளம் மாறாத கம்பு எடையும் குறைவு, இறங்கிப்போகும் பயமும் இல்லை. வளரும் பிள்ளைகளுக்கு மட்டும் இது நிச்சயம் காசுக்குத் தகும். வாங்கியபோது மகள் 142 செ.மீ., அவளுக்கு 99 வைத்தோம். போன வாரம் கதவோரம் நிறுத்தி அளந்தேன், 148. பழைய கோட்டுக்கு மேலே 103-ல் புதுக் கோடு கீறியாயிற்று.