வரோவா உண்ணிக்கு ஃபார்மிக் அமிலமா, ஆக்ஸாலிக் அமிலமா?

கோடையின் இறுதியில் தேன் அடுக்குகளை எடுத்த கையோடு, குளிர்காலத்தைத் தாண்டவேண்டிய தேனீக்கள் புழுப்பருவத்தை எட்டும் முன்பே தேனீக்களைத் தாக்கும் ஒட்டுண்ணியான வரோவா உண்ணியைக் கட்டுப்படுத்தியாக வேண்டும். உண்ணி பெருகுவது தேனீக்குஞ்சு வளரும் மெழுகு மூடிய அறைக்குள் என்பதால், அந்த மூடியையும் ஊடுருவும் ஃபார்மிக் அமில ஆவியே இப்பருவத்துக்கு ஏற்றது என்பது என் கருத்து. ஆனால் வெப்பம் ஏறக்குறைய 29 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்களில் அதை வைத்தால், தேனீக்கள் பெட்டிக்கு வெளியே தாடிபோல் கொத்தாகத் தொங்குவதோடு, ராணியையே இழக்கவும் நேரலாம். ஆக்ஸாலிக் அமிலமோ தேனீக்களின் உடலில் ஒட்டியிருக்கும் உண்ணிகளை மட்டுமே கொல்லும். எனவே கோடையில் ஒருமுறை மட்டும் கொடுத்தால் பயன் சொற்பம். இலையுதிர்காலக் கடைசியில் ராணி முட்டையிடுவதை நிறுத்தி, தேன்கூட்டுச் சட்டங்களில் மூடிய அறையே இல்லாதபோது கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். இரண்டுக்குமே கையுறையும் அமில ஆவியைத் தடுக்கும் முகக்கவசமும் தேவை. துணி முகக்கவசம் போதாது.