சம்பளம் கேட்கப் பழக்கும் சேவை: ஒத்திகைக்கு மட்டும் காசு கொடுக்கலாம்

பேரோலில், அதாவது ஆபீசின் சம்பளக் கணக்குப் பிரிவில், வேலை பார்ப்பவளுக்குச் சம்பள உயர்வு கேட்கப் பயிற்சி எதற்கு என்று வீட்டில் சிரித்தார்கள். ஆபீசில் யாருக்கு எத்தனை சதவீதம் ஏறப்போகிறது என்பது அவர்களுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும், உண்மைதான். ஆனால் அந்த எண்களில் ஒன்றைக்கூட என் பேச்சில் எடுத்துப் போட முடியாது. போட்டால் உயர்வு வராது, வேலைதான் போகும். ஆகவே எல்லாரையும் போல நானும் வெறுங்கையோடுதான் போய் உட்கார வேண்டும். அதற்காகத்தான் இந்தச் சேவையை எடுத்தேன். பெயர் வேண்டாம். இந்த மாதிரி நிறைய வந்துவிட்டன, எதை எடுத்தாலும் கவனிக்க வேண்டியவை ஒன்றுதான்.

எல்லாம் ஆன்லைனில். முதலில் ஒரு படிவம், அப்புறம் மேனேஜராக நடிக்கும் பயிற்சியாளரோடு வீடியோவில் ஒத்திகை, கடைசியில் அனுப்புவதற்கு ஒரு கடிதம்.

ஒத்திகை அருமை. பயிற்சியாளர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. ஏதோ மெயிலைப் படித்துக்கொண்டே, "உட்காருங்க. சொல்லுங்க, என்ன விஷயம்?" என்றார். நான் ஒப்பந்தப் பணியாளர் சம்பளக் கணக்கும் என் தலையில் வந்து சேர்ந்ததில் தொடங்கி, கேட்க வேண்டிய சதவீதத்தைச் சொல்லி, அதே மூச்சில் "கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்லை" என்றேன். மனிதர் அங்கேயே நிறுத்தினார். "நான் இன்னும் வாயே திறக்கலையே மேடம். யார்கிட்ட பேரம் பேசினீங்க?"

பதிவைப் போட்டுக் காட்டினார். எண்ணுக்கும் 'பரவாயில்லை'க்கும் நடுவில் ஒரு கால்புள்ளி வைக்கக்கூட இடமில்லை. அடுத்த சுற்றில் எண்ணைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் பாடம். அவர் வேண்டுமென்றே தலையைக் குனிந்து காகிதங்களைப் புரட்டினார். அந்த மௌனத்தில் உட்கார்ந்திருப்பது இவ்வளவு கஷ்டம் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். தண்ணீர் பாட்டிலைக் கையருகே வைத்துக்கொள்ளுங்கள் என்றார், வாய்க்கு ஒரு வேலை இருக்குமாம். அந்த ஒரு யோசனைக்கே கட்டணத்தில் பாதி தகும்.

"இந்த வருஷம் பட்ஜெட் ரொம்ப டைட், உங்களுக்கே தெரியும்ல?" என்று மேனேஜர் சொன்னால் என்ன செய்வது என்பதையும் நன்றாகப் பழக்கினார். வாதாடக் கூடாது. "அடுத்த பட்ஜெட் எப்போ முடிவாகுது? அதுக்கு முன்னாடி நான் எதைக் கொடுத்திருக்கணும்?" என்று தேதியைப் பிடிக்க வேண்டும். மழுப்பலாக ஒரு பதில் வந்தால், அன்றே மெயிலில் "நாம் பேசியபடி" என்று எழுதி அனுப்பிவிட வேண்டும்.

எண்ணை முதலில் நீங்களே சொல்லுங்கள் என்பது இவர்களின் இன்னொரு பாடம். இதற்கு அடிப்படை உண்டு. 1974-இல் ட்வெர்ஸ்கி, கானெமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. சுழலும் சக்கரம் ஒன்று 10-இல் அல்லது 65-இல் நிற்கும்படி செய்யப்பட்டிருந்தது. அதைப் பார்த்தவர்களிடம் ஐ.நா.வில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10-ஐப் பார்த்தவர்களின் ஊகம் 25-ஐ ஒட்டியும், 65-ஐப் பார்த்தவர்களின் ஊகம் 45-ஐ ஒட்டியும் இருந்தது. சம்பந்தமே இல்லாத எண்ணே இப்படி இழுக்கிறதென்றால், சம்பளப் பேச்சில் முதலில் விழும் எண் சும்மா விடுமா? ஆனால் சந்தை நிலவரம் தெரியாமல் முதலில் வாய் திறந்தால் அதே இழுப்பு நமக்கே எதிராக வேலை செய்யும். குறைவாகக் கேட்டுவிட்டு அப்புறம் ஏற்ற முடியாது. இதைப் பயிற்சியாளர் போகிற போக்கில்தான் சொன்னார். வட்டமான எண்ணைவிட 11.5 போன்ற ஒடிந்த எண்ணைச் சொல்லுங்கள் என்றதை மட்டும் உடனே ஒப்புக்கொண்டேன். என் மேஜைக்கு வரும் ஒடிந்த எண்களுக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருப்பார்கள், வட்டமான எண்கள் பெரும்பாலும் மனம்போல வந்தவை.

இனி குறைகள். படிவம் என் சாதனைகளை வரிசைப்படுத்தச் சொல்கிறது, என் பலம் என்ன என்று கேட்கிறது. சம்பள அடுக்கில் நான் எங்கே நிற்கிறேன் என்று ஒரு இடத்திலும் கேட்கவில்லை! ஓரளவு பெரிய நிறுவனங்களில் ஒவ்வொரு கிரேடுக்கும், அதாவது பதவி நிலைக்கும், நடுப்புள்ளி என்று ஒரு நடுத்தரச் சம்பளம் இருக்கும், அதில் ஏறத்தாழ 80 முதல் 120 சதவீதம் வரை அடுக்கு என்று வைத்துக்கொள்வது வழக்கம். நீங்கள் 85-இல் இருந்தால் அதுவே உங்கள் வலுவான வாதம். 118-இல் இருந்தால் மேனேஜர் தலையாட்டினாலும் ஹெச்.ஆர். விடாது. அப்போது கேட்க வேண்டியது சதவீதத்தை அல்ல, கிரேடு மாற்றத்தை. இது தெரியாமல் சாதனைப் பட்டியலோடு போகிறவர்களைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

நேரம் பற்றிய ஆலோசனை இன்னும் மோசம். அப்ரைசல் கூட்டத்தில், அதாவது ஆண்டு வேலை மதிப்பீட்டின்போது, கேளுங்கள் என்கிறார்கள். எங்கள் ஆபீசில் துறைக்கு ஒரு மொத்தத் தொகை முதலில் ஒதுக்குவார்கள், மேனேஜர் அதை ஆட்களுக்குப் பிரித்து எக்ஸெலில் போடுவார், ஹெச்.ஆர். சரிபார்க்கும், அப்புறம் கோப்பு என்னிடம் வரும். உங்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கும்போது கடிதம் பி.டி.எஃப். ஆகத் தயாராக இருக்கும். அன்றைக்குக் கேட்பது ரிசல்ட் வந்த பிறகு படிப்பது மாதிரிதான். மொத்தத் தொகை முடிவாவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே மேனேஜர் காதில் போட்டுவிட வேண்டும்.

ஒருமுறை தரும் போனஸை வெற்றி என்று இவர்கள் எண்ணுவதும் எனக்கு ஒத்துவரவில்லை. அடிப்படைச் சம்பளம் 100 என்று வையுங்கள். ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் மூன்றாம் ஏற்றத்தில் 115.76. முதல் ஏற்றம் மட்டும் 10 சதவீதமாக இருந்தால் 121.28, அந்த வித்தியாசம் அதன் பிறகும் கூடவே வரும். போனஸ் அந்த மாதத்தோடு சரி. விலைவாசி 6 சதவீதம் ஏறிய ஆண்டில் கிடைத்த 5 சதவீதம் உண்மையில் குறைப்புதான் என்பதையும் எங்கேயும் சொல்லவில்லை.

கடிதம்? "எனது அர்ப்பணிப்பையும் மதிப்பையும் அங்கீகரிக்குமாறு" என்று இரண்டு பக்கம். மேனேஜர் முதல் பத்தியோடு மூடிவிடுவார். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நான்கே வரியில் எழுதினேன்: கூடுதலாக வந்த வேலை, அதனால் குறைந்த திருத்தங்கள், கேட்கும் சதவீதம், எந்த மாதத்திலிருந்து.

கேட்டதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைத்தது. கூடவே கிரேடு மறுபரிசீலனைக்கு மெயிலில் ஒரு தேதியும் வாங்கினேன். பாதிக் காரணம் ஒத்திகை. மீதிக் காரணம், சரியாக அந்தச் சமயத்தில் எங்கள் டீமில் ஒருவர் பேப்பர் போட்டது, அதாவது ராஜினாமா செய்தது.

ஒத்திகைக்கு 5-க்கு நாலரை, படிவத்துக்கு 2, கடிதத்துக்கு ஒன்றும் கிடையாது. எடுப்பதாக இருந்தால் முழுத் தொகுப்பு வேண்டாம், ஒத்திகை மட்டும் உள்ள திட்டமே போதும். பயிற்சியாளர் முன்பு ஆட்களை நிர்வகித்தவரா என்று முதலிலேயே கேளுங்கள். எனக்கு வந்தவர் அப்படிப்பட்டவர். அடுத்த அமர்வுக்கு அவருக்குப் பதிலாக வந்தவர் தாளைப் பார்த்துப் படித்தார், மௌனமாக இருக்க அவருக்கே வரவில்லை. வீடியோப் பதிவை அன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நாளில் அழித்துவிடுகிறார்கள்.