பிரசவத்துக்கு யார்: சுகாதார நிலைய நர்ஸா, தனியார் மிட்வைஃபா, டூலாவா?

டூலா என்ற பிரசவத் துணையாளரை முதலிலேயே தனியே வைத்துவிடலாம். இடுப்பை நீவிவிடுவார், மூச்சு விடச் சொல்லித்தருவார், வலி முடியும்வரை கூடவே இருப்பார். நல்ல துணைதான். ஆனால் குழந்தையை எடுப்பது அவர் வேலையே அல்ல. "வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் நர்ஸிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். துணை நர்ஸுக்கான ஏ.என்.எம். படிப்பு 2 வருடம், முழு நர்ஸுக்கான ஜி.என்.எம். 3 வருடம். 2018இல் மத்திய அரசு வகுத்த வழிகாட்டுதல்படி மிட்வைஃபரி நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது தானே பிரசவம் பார்க்கத் தனிப்பயிற்சி பெற்ற நர்ஸ் ஆக, ஜி.என்.எம்.முக்கு மேல் இன்னும் 18 மாதம் பயிற்சி. வார இறுதி வகுப்புச் சான்றிதழ் இதில் எதற்கும் ஈடாகாது.

ஆக, உண்மையான போட்டி மற்ற இருவருக்குள்தான்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆளைத் தேர்ந்தெடுக்க முடியாது. மாதாமாதம் பார்த்து, பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கித்தருபவர் கிராம சுகாதார செவிலியர். நடுராத்திரி வலி கண்டால் உள்ளே இருப்பவர் அன்றைய ஷிஃப்ட் ஸ்டாஃப் நர்ஸ். முகம் புதிது. ஆனால் செலவில்லை, சிக்கல் என்றால் 108இல் ஏற்றி சீமாங்க் மையத்துக்கு (அவசரப் பிரசவ சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைப் பிரிவு) அனுப்பும் வழியும் பழகியது. தனியார் மிட்வைஃபிடம் ஒன்பது மாதமும் ஒரே முகம், குந்தியோ ஒருக்களித்தோ பெற்றுக்கொள்ளும் வசதி. அவருக்குப் பின்னால் எந்த மருத்துவர், ஆபரேஷன் தியேட்டர் எத்தனை நிமிட தூரம், ரத்தம் எங்கிருந்து வரும்? இந்த மூன்றுக்கும் பெயரும் நேரமும் சொல்லிப் பதில் வராவிட்டால் அந்த ஒரே முகத்தால் பயனில்லை.

கைத்திறனை இரண்டு இடத்திலும் ஊசியை வைத்தே எடைபோடலாம். ஆக்ஸிடோசின் 10 யூனிட், குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாயின் தொடையில் போட வேண்டும். கர்ப்பப்பை சுருங்கி ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும். அதே மருந்தை "வலி சீக்கிரம் வரட்டும்" என்று பிறப்பதற்கு முன்பே தசையில் போடுபவரிடம் போகவே கூடாது. டிரிப்பில் போனால் நிறுத்தலாம், தசையில் ஏறியதைத் திரும்ப எடுக்க வழியில்லை. விடாமல் சுருங்கும் கர்ப்பப்பையில் குழந்தைக்குப் பிராணவாயு குறையும், கர்ப்பப்பையே கிழியவும் கூடும். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியது. மேசை டிராயரிலிருந்து எடுத்தால் வீரியத்தை நம்ப முடியாது.

மற்றதெல்லாம் கேட்டே தெரிந்துகொள்ளலாம். முக்கும் கட்டத்தில் குழந்தையின் இதயத் துடிப்பை 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கிறாரா? தொப்புள்கொடியைக் கட்ட ஒரு நிமிடமாவது பொறுப்பாரா? குழந்தை அழாவிட்டால் முதல் நிமிடத்திலேயே மூச்சு கொடுக்க பையும் மாஸ்க்கும் கைக்கெட்டும் தூரத்தில் உண்டா? வயிற்றை மேலிருந்து அமுக்குவதும், தலைப்பிரசவம் என்பதற்காகவே பிறப்புவாயை வெட்டித் தையல் போடுவதும் வழக்கம் என்றால் வேறு இடம் பாருங்கள். அரசு, தனியார் இரண்டிலும் இந்தப் பழக்கம் உண்டு.

முந்தைய சிசேரியன், இரட்டைக் குழந்தை, கால் கீழாக இருக்கும் குழந்தை, 140/90ஐத் தொட்ட ரத்த அழுத்தம், 7க்குக் கீழே ஹீமோகுளோபின் என்றால் இந்த ஒப்பீடே தேவையில்லை. 24 மணி நேரமும் மகப்பேறு மருத்துவரும் தியேட்டரும் இருக்கும் சீமாங்க் மருத்துவமனையில் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். மிட்வைஃப் வேண்டுமென்றால் அங்கே வந்து கூட இருக்கட்டும்.