ஊட்டி வீட்டுக்குத் திறந்த கணப்பா, மூடிய இரும்பு அடுப்பா?

ஜனவரி இரவுகளில் ஊட்டியில் குளிர் 0 டிகிரி வரை இறங்கும். கணப்பு வைக்க நினைப்பவர்கள் பலரும் குழம்புவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

சூடு: திறந்த கணப்பில் விறகின் வெப்பம் பெரும்பாலும் புகைபோக்கி வழியே போய்விடும். போகும்போது அறையின் சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். கண்ணாடிக் கதவுள்ள வார்ப்பிரும்பு அடுப்பில் காற்று அளவாகப் போவதால் வெப்பத்தில் பாதிக்கு மேல் வீட்டுக்குள்ளேயே தங்கும். நெருப்பு தணிந்த பிறகும் இரும்பு வெகுநேரம் கதகதப்பாக இருக்கும்.

செலவு: பழைய பங்களாவில் கணப்பு ஏற்கெனவே இருந்தால் கொத்தனார் கூலியோடு முடியும். இரும்பு அடுப்பு முதலில் கையைக் கடிக்கும், அப்புறம் விறகில் மிச்சம்.

பராமரிப்பு: இரண்டுக்கும் வருடம் ஒருமுறை புகைபோக்கியைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். ஈர விறகை எரித்தால் உள்ளே தார் போலப் படிந்து, அதுவே ஒருநாள் தீப்பிடிக்கும். இரண்டு கட்டைகளைத் தட்டிப் பாருங்கள்: கணீரென்றால் காய்ந்தது, மந்தமாகக் கேட்டால் ஈரம்.

விடுமுறைக்கு வந்துபோகும் வீடா, திறந்த கணப்பு போதும். தீயைச் சுற்றி உட்காரும் சுகம் அதில்தான். குடியிருக்கும் வீட்டுக்கு மூடிய அடுப்பைத்தான் சொல்வேன். எதுவானாலும், தணல் கனியும்போது புகைபோக்கியை அடைத்துவிட்டுத் தூங்காதீர்கள்; கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு அறையில் சேரும், அதற்கு வாசனை கிடையாது.