பாதி ஊதா, பாதி மஞ்சள்: கிராமாவா, டாட்டிபேக்கா?

முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள், விரல் நீள மீன்தான். உப்புநீர்த் தொட்டி வைத்த புதிதில் இந்த நிறத்துக்கு மயங்காதவர்கள் குறைவு. நானும் மயங்கினேன். ராயல் கிராமா என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் என் ஃபயர்ஃபிஷ் என்ற சாது மீனைக் காணோம். தேடிப் பார்த்தால், வால் துடுப்பு நார்நாராகக் கிழிந்து, பம்புக்குப் பின்னால் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. தொட்டிக்குள் வந்திருந்தது கிராமா இல்லை, அதே நிறங்கள் கொண்ட பைகலர் டாட்டிபேக் என்ற வேறு மீன்.

இரண்டையும் அடையாளம் காண அரை நிமிடம் போதும். கிராமாவின் ஊதா சட்டென்று முடியாது; புள்ளி புள்ளியாகச் சிதறி மஞ்சளோடு கலக்கும். கண்ணின் குறுக்கே ஒரு கருங்கோடு, முதுகுத் துடுப்பின் முன்பகுதியில் ஒரு கரும்பொட்டு. பைகலரிடம் இந்தக் கோடும் இல்லை, பொட்டும் இல்லை. துடுப்புகள் கண்ணாடிபோல் நிறமற்று இருக்கும், உடலின் நடுவில் கோடு கிழித்ததுபோல் நிறம் மாறும். இந்தப் பேச்சில் மூன்றாவதாக ஆர்க்கிட் டாட்டிபேக்கையும் சேர்த்துக்கொள்கிறேன். அது உடல் முழுக்க ஊதா. செங்கடலில் மட்டுமே வாழ்வது. 1968-இல்தான் அறிவியல் பெயர் பெற்றது. கிராமா கரீபியன் கடலின் மீன், பைகலர் மேற்குப் பசிபிக்கின் மீன்.

மூன்றுக்குமே சொந்த இடம் என்ற பிடிவாதம் உண்டு. வித்தியாசம், எவ்வளவு இடத்தைச் சொந்தம் என்று நினைக்கிறது என்பதில்தான். கிராமாவுக்கு ஒரு பொந்தும் அதைச் சுற்றிக் கொஞ்சம் பாறையும் போதும். யாராவது நெருங்கினால் வாயை அகலத் திறந்து காட்டும். பெரும்பாலும் சண்டை அதோடு முடிந்துவிடும். பாறையின் அடிப்பக்கம் வயிற்றை ஒட்டி, தலைகீழாக நிற்கும். அதைப் பார்த்து நோய் என்று பயந்துவிடாதீர்கள், அது அதன் இயல்பு. பைகலருக்கோ சிறிய தொட்டி முழுவதும் தன் வீடு. தன்னைவிட நீளமான மீனைக்கூட விரட்டும். ஆர்க்கிட் இரண்டுக்கும் நடுவில்: கோபம் உண்டு, ஆனால் விடாமல் துரத்திக்கொண்டே இருப்பது அரிது.

இறால் வளர்ப்பவர்கள் இங்கே நின்று யோசிக்க வேண்டும். கிராமா பொதுவாக அலங்கார இறாலைத் தொடாது. டாட்டிபேக் இரண்டும் சின்ன இறாலை இரையாகத்தான் பார்க்கும். அதே பசியால், பாறை இடுக்குகளில் வாழும் முடிமுடியான பிரிஸில் புழுக்களையும் தின்று குறைக்கும் என்பது அவற்றின் பக்கம் உள்ள நியாயம்.

ஆர்க்கிட்டுக்கு இன்னொரு பெரிய பலம், தொட்டியிலேயே பிறந்த குஞ்சுகள் தாராளமாகக் கிடைப்பது. பவளத்திட்டிலிருந்து ஒரு மீன் குறையவில்லை என்பது எனக்கு முக்கியம். அவை தயாரிப்பு உணவைத் தயங்காமல் எடுக்கும் என்பதும் சேர்ந்த லாபம்.

தண்ணீரில் மூன்றுக்கும் தனித்தனித் தேவை இல்லை: 24 முதல் 26 டிகிரி வெப்பம், உப்புநீரின் ஒப்படர்த்தி 1.025 அளவில், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். மூன்றும் துள்ளிக் குதிக்கக்கூடியவை, வலைமூடி கட்டாயம்.

அமைதியான மீன்களும் இறாலும் இருக்கும் 120 லிட்டர் தொட்டி என்றால் நான் கிராமாவையே சொல்வேன். இறால் இல்லை, புழுத் தொல்லை இருக்கிறது என்றால் ஆர்க்கிட். பைகலரை 250 லிட்டருக்குக் குறைந்த தொட்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதிலும் கூட இருப்பவை தைரியமான மீன்களாக இருக்க வேண்டும். எதை எடுத்தாலும் ஒன்றே ஒன்று, அதுவும் கடைசியாக விடுங்கள். கிராமாவையும் டாட்டிபேக்கையும் ஒரே சின்னத் தொட்டியில் சேர்க்கவே வேண்டாம். உருவம் ஒத்திருப்பதால் சண்டை ஓயாது.

ஏற்கெனவே பைகலரைத் தொட்டிக்குள் விட்டுவிட்டவர்களுக்கு: வலையோடு துரத்தாதீர்கள், பாறை இடுக்கில் போய் ஒளிந்துவிடும். பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாக உள்ளே செருகி, ஒரு துண்டு இறால் போட்டு, அதன் பொந்துக்கு எதிரே படுக்க வையுங்கள். என்னுடையது முதல் நாள் பாட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தது, மறுநாள் காலை உள்ளே இருந்தது. அதை வேறு தொட்டிக்கு மாற்றிய பிறகும், வால் கிழிந்த ஃபயர்ஃபிஷ் நடுத்தண்ணீருக்கு வர ஒரு வாரம் ஆயிற்று.